பூஜையில் இருந்த ஸ்பானர்

எங்கள் காவாந்தண்டலத்தில் பொழுது விடிந்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய கையோடு காருக்கும் தண்ணீர் காட்டுகிற வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சொக்கம்மாள் வீடு. எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு கிளுவை வேலி மட்டும். அதனால் அவளைப் பற்றி ஊரில் யார் என்ன கதை விட்டாலும் நீங்கள் நான் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தது எழுபத்தாறில். வந்த மறுநாள் காலையில் முகம் கழுவப் பின்பக்கம் போனால், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்பு அம்பாசிடர் கார் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அதன் வாய்க்குள் இடுப்பு வரை நுழைந்து ஒரு பொம்பளை என்னவோ செய்துகொண்டிருக்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே ஓடி மாமியாரிடம் சொன்னேன். என் மாமியார் கோவிந்தம்மாள் அடுப்பிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அதுவா? சொக்கம்மா காருக்குப் பால் கறக்கறா. நீ போய் பல்லு விளக்கு."

ஊரே அப்படித்தான் கேலி பேசும். நான் அக்கா என்று கூப்பிடுகிற சொக்கம்மாள் காதில் விழுந்தால் அவளும் விடமாட்டாள். "கறக்குதோ இல்லியோ, உங்க மாடு மாதிரி ஒதைக்காம கீதே!" என்பாள்.

கார் அவள் புருஷன் கன்னியப்பனுடையது. நான் மாமா என்று கூப்பிடுவேன். பழைய கார்தான். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு வியாபாரி வைத்திருந்து சலித்துப்போய்த் தள்ளிவிட்டது. ஆற்றோரம் இருந்த நல்ல நிலத்தில் ஒரு துண்டை விற்று மாமா அதை வாங்கினார். நிலத்தை விற்றுக் கார் வாங்கினவனை எங்கள் பக்கத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள்.

மாமா காரை ஓட்டுவார். அத்தோடு சரி. பானட்டைத் திறக்க மாட்டார். "எனக்குக் கை ராசி இல்ல" என்று நகர்ந்துவிடுவார். மிச்சம் எல்லாம் அக்காதான். எப்படிக் கற்றுக்கொண்டாள் என்றால், கார் வாங்கின புதிதில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பட்டறை வைத்திருந்த தானியேலிடம் வண்டியைக் கொண்டுபோயிருக்கிறார்கள். அக்கா ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அவர் எதைத் தொட்டாலும் அது எதற்கு, இது எதற்கு என்று பகல் முழுக்கக் கேட்டுத் துளைத்திருக்கிறாள்.

"வண்டி ஓட்றது உங்க வூட்டுக்காரரு. கேள்வி கேக்கறது நீங்களாம்மா?" என்று சிரித்தாராம் தானியேல்.

"ஓட்றவருக்கு ரோடு தெரிஞ்சா போதும்ணா. வழில நிக்காம பாத்துக்க வேண்டியவ நானு" என்றாளாம் இவள்.

வாரம் ஒருமுறை பார்த்தால் போதும் என்று அவர் சொல்லி அனுப்பியதை அக்கா தினம் ஒருமுறை என்று ஆக்கிக்கொண்டாள். பால் கறந்து முடித்ததும் நேரே காரிடம் வருவாள். எண்ணெய் பார்க்கிற கம்பியை உருவி, மாமாவின் கிழிந்த வேட்டித் துணியில் துடைத்து, திரும்பச் சொருகி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அன்றைக்கு அவள் முகம் சரியாக இருக்காது. எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தே மாற்ற வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடுவாள். ஃபேன் பெல்ட்டை ஒரு அமுக்கு. டயருக்குத் தேங்காய் தட்டுகிற மாதிரி நாலு தட்டு. சத்தம் சொத்தென்று வந்தால் காலால் மிதிக்கிற பம்பு வெளியே வந்துவிடும்.

ரேடியேட்டருக்கு மட்டும் அவள் வைத்த சட்டம் கொஞ்சம் அதிகம்தான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. பானை அடியில் வெள்ளையாகப் படியும். கார் வயிற்றிலும் அப்படித்தான் படியும் என்று, செய்யாற்றில் ஊற்று தோண்டி, ஒரு குடம் நல்ல தண்ணீர் தனியாகச் சுமந்து வருவாள். நாங்கள் குடிப்பது உப்புத் தண்ணீர். கார் குடிப்பது ஆற்றுத் தண்ணீர். என் மாமியாருக்கு இது பொறுக்கவே பொறுக்காது. பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் பாட்டில் வேறு, புளிப்பானை பக்கத்தில், யாரும் எடுத்துக் குடித்துவிடாமல் வேப்பிலைக் கொத்து கட்டி வைத்திருக்கும்.

அவள் பேர் வைக்காத பாகமே கிடையாது. என்ஜின் பக்கவாட்டில், தலையில் வயர் முளைத்த ஒரு கறுப்பு மூடி இருக்கிறதே, டிஸ்ட்ரிபியூட்டர், அதற்கு அவள் வைத்த பேர் நண்டு. அதன் கால்கள்தான் ஒவ்வொரு ப்ளக்குக்கும் நெருப்பைக் கொண்டுபோகும். "எது நனஞ்சாலும் நனையலாம் மலரு, நண்டு மட்டும் நனையக் கூடாது" என்பாள். எனக்கு எதற்கு இதெல்லாம் என்று தோன்றும். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பேன். கறுத்துப்போன அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்க எனக்குப் பிடிக்கும்.

காரணத்தை எனக்குச் சொன்னவள் மருத்துவச்சி சிட்டம்மாள். நான் வருவதற்குப் பல வருஷம் முன்னால் அக்காவுக்குத் தலைப்பிரசவம். சிக்கலாகிவிட்டது. மாமா மாட்டு வண்டி கட்டி உத்திரமேரூருக்குக் கிளம்பியிருக்கிறார். பாதி வழியில் சக்கரம் கழன்று வண்டி வரப்போரம் சாய்ந்துவிட்டது. சக்கரம் கழலாமல் பிடித்துக்கொள்கிற கடையாணி தேய்ந்து முறிந்திருந்தது. கிளம்பும்போது யாரும் பார்க்கவில்லை. வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. அப்புறம் அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. மாமா அந்த வண்டியை உடைத்து விறகாக்கினார். அதைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை என்றாள் சிட்டம்மாள்.

அதற்கப்புறம் வந்ததுதான் கார். காவாந்தண்டலத்திலும் சுற்றுப்பட்டிலும் எந்தப் பெண்ணுக்கு வலி எடுத்தாலும் அந்தக் கார் வாசலில் வந்து நிற்கும். சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே என்ஜின் பிடித்துக்கொள்ளும். கார் கிளம்பினதும் அக்கா வேலியோரம் நிற்பாள். திரும்பி வரும்வரை நிற்பாள். அவள் அந்தக் காரில் ஏறி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எனக்குத் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லாததால் தலைப்பிரசவம் மாமியார் வீட்டில்தான். என் வீட்டுக்காரர் ராஜாராமுக்கு மெட்ராஸில் வேலை, தீபாவளிக்குத்தான் வருவார். நாள் நெருங்க நெருங்க அக்காவுக்கு ஒரே பரபரப்பு. இருக்கிற ப்ளக்கையெல்லாம் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், முனைக்கு நடுவில் இருக்கிற இடுக்கைச் சரிபார்ப்பதும், பேட்டரி முனையில் பூத்த வெள்ளையை வெந்நீர் ஊற்றிக் கழுவுவதுமாக இருந்தாள். "உனுக்கு வலி வரட்டும், இது ஒரே சுத்துல கெளம்பும் பாரு" என்பாள், எனக்குப் பட்டுப்புடவை எடுத்துத் தருகிற மாதிரி.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்குக் கலப்பை, மண்வெட்டி, அரிவாள்மணை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துப் படைத்துவிட்டால், மறுநாள் காலையில் மறுபூஜை போடுகிறவரை தொடக்கூடாது. அதுகளுக்கும் ஓய்வு. அக்கா இதில் ரொம்பக் கறார். ஸ்பானர்கள், ஸ்க்ரூ டிரைவர், காரைக் கையால் சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டில் எல்லாம் காருக்கு முன்னால் வாழையிலையில் வரிசையாகப் படுத்திருக்கும். அவளே ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைப்பாள். அன்றைக்கு மத்தியானம் அவள் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். நான் தின்ன ஆசைப்பட்டேன் என்று எனக்காகவும் சேர்த்து. அந்த நேரத்தில்தான் கன்னியப்ப மாமாவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக பானட்டைத் திறக்கத் தோன்றியிருக்கிறது.

விளக்கு வைக்கிற நேரத்தில் எனக்கு வலி எடுத்தது. நாள் இன்னும் இருந்தது. ஆனால் வயிறு கேட்கவில்லை. சிட்டம்மாள் வந்து தடவிப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறியதை நான் பார்த்துவிட்டேன்.

"தல கீழ இல்லியே. குறுக்கா கீது. இது என் கைக்கு அடங்காது. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்க" என்றாள்.

பூஜை முடிந்து கற்பூர வாசனை இன்னும் போகவில்லை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், முன்னால் குங்குமம் தடவிய பூசணிக்காய், மாலை போட்ட கார். அக்கா ஓடிவந்து என்னைத் தாங்கிப் பிடித்துப் பின் சீட்டில் படுக்க வைத்தாள். பக்கத்தில் மாமியார். மாமா சாவியைத் திருப்பினார். கிர்ர் என்றது. பிடிக்கவில்லை. திரும்பவும் திருப்பினார். அந்தக் காரிடம் அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. திருப்பத் திருப்ப அந்தக் கிர்ர் இளைத்துக்கொண்டே வந்து, கடைசியில் டக்கென்று ஒரு சின்னச் சத்தத்தோடு அடங்கிவிட்டது.

"பேசாம மாட்டு வண்டி கட்டச் சொல்லட்டுமா?" என்றாள் என் மாமியார்.

"வேணாம்!" என்று மாமா கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதும் அதுதான் முதல்முறை.

அக்கா டார்ச்சை வாங்கி பானட்டைத் தூக்கினாள். பிறகு அவள் குரல் வந்தது.

"யாருய்யா இதுக்குத் தண்ணி ஊத்தனது?"

மாமா இறங்கிப் போனார். "நான்தான். கொழந்தய ஏத்திக்கினு வரப்போற வண்டியாச்சே, உள்ளயும் சுத்தமா இருக்கட்டும்னு... கொடம் கொடமா ஊத்தி நல்லா குளிப்பாட்டனேன். சீயக்காப் போட்டு."

மாட்டுப் பொங்கலுக்கு எருதைக் குளிப்பாட்டுகிற மாதிரி என்ஜினைக் குளிப்பாட்டி, நண்டின் தலையில் மஞ்சளும் சந்தனமும் குழைத்துப் பூசி, ஒவ்வொரு வயருக்கும் பொட்டு வைத்திருக்கிறார் மனுஷன். உயிர் போகிற வலியிலும் சீயக்காய் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வலி வந்து அந்தச் சிரிப்பைப் பிடுங்கிக்கொண்டது.

மாமா காருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இந்தத் தடவயும் நானே..." என்றார். திறந்திருந்த கதவு வழியாக அவர் தலை குனிந்திருப்பது எனக்குத் தெரிந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் பிள்ளையும் வழியிலேயே போய்விடுமோ என்ற பயம்.

அக்கா பூஜை இலைக்கு முன்னால் குனிந்தாள்.

"சொக்கம்மா, பூஜைல வெச்சத நாளிக்குத் தானே..." என்று என் மாமியார் இழுத்தாள்.

அக்கா ப்ளக் ஸ்பானரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "தாயே, நீயும் பொம்பளதான். கோவிச்சுக்காத" என்றாள். அவ்வளவுதான். புது முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டாள். புதுச் சேலை கஞ்சி மொடமொடப்பில் ஈரத்தை இழுக்காது என்று, "உன் துண்டக் குடுய்யா" என்று மாமாவின் தோள் துண்டை உருவினாள். நண்டின் கிளிப்பைத் தள்ளி மூடியைக் கழற்றி, துண்டோடு சேர்த்து அவர் கையில் வைத்தாள்.

"உள்ள ஒரு சொட்டு ஈரம் இல்லாம தொட. நான் ப்ளக்கக் கழட்டறேன்."

"என் கை வேணாம் சொக்கம்மா."

"உன் கைக்கு இன்னா?"

அவள் ப்ளக்கைத் திருகிக்கொண்டே, அவரைப் பார்க்காமலே பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"அன்னிக்குக் கடையாணிய நீ மட்டுமா பாக்கல? நானும்தான் அந்த வண்டில ஏறிக் குந்தனேன். நானும் பாக்கல. தேஞ்சிபோன இரும்புய்யா அது. உன் கை இன்னா பண்ணுச்சு? இத்தினி வருசமா நான் இத உனுக்குச் சொல்லாம இருந்தேன் பாரு, அதான் தப்பு. இன்னிக்கும் நீ ஒண்ணும் கெடுக்கல. குளிப்பாட்டனே. தொடச்சா ஆச்சு. தொடய்யா."

நான் வலியில் அழுதேனா, அதைக் கேட்டு அழுதேனா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. என் கையைப் பிடித்திருந்த மாமியாரும் அழுதுகொண்டிருந்தாள். கேலி பேசுகிற வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது.

மாமா துடைத்தார். மூடியின் உள்பக்கம் விரலை விட்டு, மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். அக்கா பெட்ரோலில் நனைந்திருந்த ப்ளக்குகளைத் துடைத்து, வாயால் ஊதி, திரும்ப மாட்டினாள். வயரில் ஒட்டியிருந்த மஞ்சளை அவர் ஒவ்வொன்றாக வழித்தெடுத்ததும், அக்கா நண்டின் மூடியைத் திரும்பப் பொருத்தினாள். பேட்டரி செத்துப்போயிருந்ததால் அவளே இலையிலிருந்து ஹேண்டிலை எடுத்து அவரிடம் நீட்டினாள். குங்குமப் பொட்டோடு அவர் அதை வாங்கிக்கொண்டார். அவள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"சுத்து."

சுற்றினார். கார் ஒரு தும்மல் போட்டது.

"இன்னொரு தபா. மெதுவா ஆரம்பிச்சி வெடுக்குனு சுத்துய்யா."

கார் குலுங்கியது. பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மாமா ஓட்ட ஏறியதும் அக்கா பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தாள், இறங்கவில்லை. எலுமிச்சம்பழம் நசுங்க, மாலையோடு கார் கிளம்பியது. வழி நெடுக அவள் திரும்பி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். சக்கரம் கழன்ற அந்த இடத்தைத் தாண்டினதும் அக்கா பெரிசாக ஒரு மூச்சு விட்டாள்.

எனக்குப் பெண் பிறந்தது. டாக்டரம்மா ரொம்பப் பாடுபட்டுத்தான் எடுத்தார்கள். ஆனால் தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தோம். விடிந்ததும் அக்கா என் கட்டிலுக்கு வந்தாள். புதுச் சேலை முழுக்கக் கறுப்பு. குழந்தையைப் பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வெளியே நின்ற மாமாவை இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டே இருந்தாராம், நகத்திடுக்கில் மஞ்சள் போகவில்லை என்று. அந்தக் கையில் குழந்தையை வைத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, மூச்சுகூட விடாமல் நின்றார்.

அதற்கடுத்த ஆயுத பூஜையிலிருந்து ப்ளக் ஸ்பானர் மட்டும் இலைக்கு வருவதில்லை. அதற்கு லீவு கிடையாது என்று அக்கா சட்டம் போட்டுவிட்டாள். பானட்டைச் சுற்றி ஒரு சொட்டுத் தண்ணீர் விழக்கூடாது என்று மாமா பக்கத்திலேயே காவல் இருப்பார். ஊர் அதற்கும் சிரித்தது. சிரிக்கட்டும்.

எனக்கு நினைவில் நிற்பது அது இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கொஞ்ச நாளில் ஒரு காலை. குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு நான் முகம் கழுவப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் கார் வழக்கம்போல வாயைத் திறந்திருந்தது. உள்ளே குனிந்திருந்தவர் மாமா. எண்ணெய்க் கம்பியை உருவித் துடைத்து, சொருகி எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"சொக்கம்மா, வந்து பாரேன். எண்ண சரியா கீதா?"

அக்கா கோழிக்கூண்டு பக்கத்தில் உட்கார்ந்து, என் மகளை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"உன் கையிலதானே கீது. நீயே சொல்லுய்யா" என்றாள்.

மாமா இன்னொரு முறை பார்த்தார். "சரியாத்தான் கீது" என்றார்.